உடனிருப்பும் உள்ளமைதியும்: திருப்பழுவூர்த் திருப்பதிகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

துன்பக் காலத்தில் இறைவனின் உடனிருப்பை உணர்வதால் விளையும் உள்ளமைதியைத் தமிழ்ப் பத்தி இலக்கியம் எவ்வாறு கருத்தாக்கம் செய்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. அரியலூர் மாவட்டம் கீழப்பழுவூரில் அமைந்துள்ள திருவாலந்துறைத் திருக்கோயிலின்மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் (இரண்டாம் திருமுறை, 34) இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. அப்பதிகத்தின் இருபாதி அமைப்பு, சைவ சித்தாந்தத்தின் ‘உடனாதல்’ கோட்பாடு, கல்வெட்டுச் சான்று, வட்டார வழிபாட்டு மரபுகள் ஆகியவற்றின் துணைகொண்டு, அமைதி என்பது துன்பம் நீங்கிய பின்னர் வரும் நிலை அன்று, துன்பத்தின் நடுவே ஒருவர் உடனிருக்கின்றார் என்னும் உணர்வின் பயன் என்னும் கருத்து நிறுவப்படுகின்றது.

குறிச்சொற்கள்: திருப்பழுவூர், திருஞானசம்பந்தர், உடனாதல், மறைத்தல், நந்தா விளக்கு, உள்ளமைதி.

முன்னுரை

துன்பம் வந்தவிடத்து இறைவனை நாடுதல் எல்லாச் சமயங்களுக்கும் பொது. ஆயினும் நாடியவர் எதைப் பெறுகின்றார் என்னும் வினாவிற்கு விடைகள் ஒன்றுபோல் அமைவதில்லை. நோய் தீர்தல், பகை ஒழிதல், வறுமை நீங்கல் போன்ற புறப்பயன்களைச் சுட்டும் விடைகள் ஒருவகை. துன்பம் இருந்தபடியே இருக்க, அதனைத் தாங்கும் உள்ளம் மாறுதலைச் சுட்டும் விடைகள் மற்றொரு வகை. தேவாரத்தைப் பயிலும் ஆய்வாளர்கள் முதல்வகைக்கே மிகுதியும் கவனம் செலுத்தியுள்ளனர். பதிகந்தோறும் ஓர் அற்புத நிகழ்ச்சியை இணைத்துக் கூறும் பெரியபுராண மரபு அதற்கு ஒரு காரணம் ஆகலாம். அற்புத நிகழ்ச்சி எதனோடும் பரவலாக இணைத்துப் பேசப்படாத பதிகங்கள் இதனால் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. திருப்பழுவூர்ப் பதிகம் அத்தகையது. அற்புதம் இல்லாத இடத்தில் அமைதி எவ்வாறு பேசப்படுகின்றது என்பதை அறிவதற்கு அதுவே தக்க களமாகும்.

ஊரும் பெயரும்

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கீழப்பழுவூர். காவிரி வடகரைப் பாடல்பெற்ற தலங்கள் 63 எனக் கணக்கிடும் மரபில் இது 55ஆவது தலம். இறைவன் ஆலந்துறையார், வடமூலநாதர் எனவும், இறைவி அருந்தவநாயகி எனவும் வழங்கப்பெறுகின்றனர். ‘பழு’ என்பது ஆலமரத்தைக் குறிக்கும் சொல். வடமொழியில் ‘வடம்’ என்பதும் அதுவே. ஊர்ப்பெயர், கோயிற்பெயர், இறைவன்பெயர் ஆகிய மூன்றும் ஒரே மரத்தினின்று கிளைத்தவை. பழுத்த மரத்தைப் பறவைகள் நாடி வருதல் பழந்தமிழ்ப் புலவர் பெரிதும் விரும்பிய உவமை. அழைப்பின்றி வருவோர்க்கும் நிழலும் கனியும் தரும் மரமே ஓர் ஊருக்கும் அதன் இறைவனுக்கும் பெயராதல், புகலிடம் என்னும் கருத்து அவ்வூரின் அடித்தளத்திலேயே இருப்பதைக் காட்டுகின்றது.

தலமரபும் இதற்கு அரண் செய்கின்றது. தாயைக் கொன்ற பழியினின்று நீங்கப் பரசுராமர் இங்கு வழிபட்டதாக அம்மரபு கூறும். இங்கே சுட்டப்படும் துன்பம் நோயோ வறுமையோ அன்று. செய்த செயலைத் திரும்பப் பெற இயலாமையால் வரும் குற்ற உணர்வு. இறந்த தாயை மீட்டளித்தல் இத்தலக் கதையின் பயனாகக் கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது. நிகழ்ந்தது நிகழ்ந்ததே, அதனைச் சுமந்தவர் ஒதுக்கப்படாமல் ஏற்கப்பட்டார் என்பதே மரபின் உட்பொருள். இறைவியின் பெயர் ‘அருந்தவம்’ என்பதைக் கொண்டமைதலும் காத்திருத்தலின் பெருமையை உணர்த்துகின்றது.

துன்பத்தை எதிர்கொள்ளும் மூவகைப் பதிகங்கள்

துன்பத்தோடு தொடர்புபடுத்தித் தேவாரப் பதிகங்களை நோக்கின், அவற்றுள் மூன்று மொழிநிலைகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது வேண்டல். சூலைநோயால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடியதாகப் போற்றப்படும் பதிகம் (நான்காம் திருமுறை, 1) இதற்குச் சான்று. இங்கே நோய் வெளிப்படையாகப் பேசப்படுகின்றது. உடலின் வேதனை, அதனைத் தாங்க மாட்டாமை, விலக்குமாறு கோரல் என்னும் முறையில் கூற்று அமைகின்றது. இறைவன் முன்னிலையில் விளிக்கப்படுகின்றான்.

இரண்டாவது உறுதி கூறல். திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படும் வேளையில் நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுக்க, சம்பந்தர் பாடியதாகக் கூறப்படும் கோளறு பதிகம் (இரண்டாம் திருமுறை, 85) இவ்வகையது. துன்பம் இன்னும் வரவில்லை. வரக்கூடும் என்னும் அச்சம் உள்ளது. அவ்வச்சத்திற்கு விடையாகச் சம்பந்தர் தருவது ஒரே காரணம்: இறைவன் தம் உள்ளத்தினுள் புகுந்திருத்தல். கோள்கள் இடம்பெயரவில்லை; அவற்றின் எதிரே நிற்பவரின் உள்ளம் தனித்த உள்ளமாக இல்லாமற் போயிற்று.

மூன்றாவது சுட்டல். திருப்பழுவூர்ப் பதிகம் இவ்வகையைச் சார்ந்தது. பாடுவோர் தம் துன்பத்தைக் கூறவில்லை, விலக்குமாறு கோரவுமில்லை. இறைவனின் இயல்பைக் கூறி, அத்தகையவனது இடம் பழுவூரே என்று சுட்டுவதோடு பாடல் நின்றுவிடுகின்றது. ‘இடம்’ என்னும் சொல்லும், ‘என்பர்’ என்னும் பிறர்கூற்று வடிவமும் பாட்டுக்குப் பாட்டு மீள மீள வருகின்றன. ‘என்பர்’ என்பதனால் அவ்விருப்பு பாடுவோர் ஒருவரின் தனியனுபவமாக நில்லாமல் ஊரார் அறிந்து சொல்லும் பொதுச்செய்தியாகின்றது. ‘இடம்’ என்பதனால் அது சென்று அடையக்கூடிய, கையால் சுட்டக்கூடிய இருப்பாகின்றது.

இம்மூன்றையும் ஒப்புநோக்கின் ஒரு வளர்நிலை புலப்படும். வேண்டலில் துன்பம் நடுவிடம் பெறுகின்றது; உறுதி கூறலில் துன்பமும் இறைவனும் எதிரெதிர் நிற்கின்றனர்; சுட்டலில் இருப்பு மட்டுமே எஞ்சுகின்றது. இது காலவரிசையன்று, உள்ளத்தின் நிலைவரிசை. ஒருவரே ஒரு நாளில் இம்மூன்று நிலைகளிலும் இருத்தல் கூடும்.

பதிகத்தின் இருபாதி அமைப்பு

சுட்டல்வகைப் பதிகம் துன்பத்தைப் பேசவில்லை என்பதால் துன்பத்தை மறந்தது என்று கொள்ளல் பொருந்தாது. பதிகத்தின் பெரும்பாலான பாடல்கள் இரண்டு பாதிகளாக இயங்குகின்றன. முன்னிரண்டு அடிகள் இறைவனைப் பற்றியவை. பின்னிரண்டு அடிகள் ஊரைப் பற்றியவை. முற்பாதியில் எரியும் அழிவும் சுடலையும் நஞ்சும் வருகின்றன. பிற்பாதியில் பாட்டும் ஆட்டமும் சோலையும் கனியும் வருகின்றன. இவ்விரண்டையும் ‘இடம்’ என்னும் ஒற்றைச் சொல் இணைக்கின்றது.

மூன்றாம் பாடலில் இறைவன் முப்புரம் எரித்தவன். ஊரிலோ தாமரை முகத்துப் பெண்கள் இனிய மொழி பேசி ஆடுகின்றனர். ஐந்தாம் பாடலில் அவன் சுடலையில் ஆடுபவன். ஊரிலோ மறையோர் வேதமோதி அவன் திருவடியைப் போற்றுகின்றனர். ஏழாம் பாடலில் அவன் தக்கனின் வேள்வியைச் சிதைத்தவன். ஊரிலோ அந்தணர்களின் வேள்வி இடையூறின்றி நடக்கின்றது. எட்டாம் பாடலில் அவன் கடல் நஞ்சை மிடற்றில் வைத்தவன், அரக்கனை அடர்த்துப் பின் அருளியவன். ஊரிலோ மணம் கமழும் சோலையில் குரங்கினங்கள் கனி உண்டு நீரில் விளையாடுகின்றன.

இவ்வெதிர்நிலை தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. சிறப்பாக எட்டாம் பாடல் இக்கட்டுரையின் கருத்திற்கு மையமாகும். நஞ்சு உலகினின்று மறைந்துபோகவில்லை. விழுங்கப்பட்டுச் செரிக்கப்படவும் இல்லை. அது மிடற்றிலேயே நிறுத்தப்பட்டுள்ளது. ஒருவர் அதனைத் தாங்கிக்கொண்டிருப்பதாலேயே கீழே சோலையில் உயிர்கள் அச்சமின்றி விளையாடுகின்றன. துன்பத்தின் இருப்பும் அமைதியின் இருப்பும் ஒரே காலத்தில் உண்மையாதலை இதனினும் எளிய காட்சியால் உணர்த்துதல் அரிது. இராவணனைப் பற்றிய குறிப்பும் இவ்வாறே. அடர்த்தலும் அருளலும் செய்தவன் ஒருவனே. நசுக்குண்ட இடத்திலேயே அருளும் கிடைத்தது.

ஒன்பதாம் பாடல் மற்றொரு நுட்பத்தை உடையது. திருமாலும் நான்முகனும் தேடியும் காணவியலாத தழலாக நின்றவனை முற்பாதி கூறுகின்றது. பிற்பாதியில் மறைகளையும் அவற்றின் அங்கங்களையும் உணர்ந்தோர் மன்றில் ஒருங்கிருந்து மகிழ்கின்றனர். தனித்துத் தேடியவர்க்கு எட்டாத பொருள் கூடியிருப்போரின் மகிழ்ச்சிக்கு அணித்தாகின்றது. துன்பமுற்றோர் முதலில் இழப்பது பிறரோடு கூடியிருக்கும் வாய்ப்பையே என்பதை எண்ணின், மன்றில் உடன் மகிழ்தல் என்னும் காட்சியின் ஆற்றல் விளங்கும்.

முதற்பாடலிலும் நான்காம் பாடலிலும் ‘பயிலுதல்’ என்னும் வினை ஊருக்கு அடையாகின்றது. முதற்பாடலில் பத்தரும் சித்தரும் பயில்கின்றனர். நான்காம் பாடலில் மலையாளர் பண்ணொலியோடு பயில்கின்றனர். பயிலுதல் என்பதற்கு நெருங்கிப் பழகுதல், மீண்டும் மீண்டும் செய்தல் என்னும் இருபொருளும் உண்டு. உடனிருப்பு ஒரு முறை நிகழ்ந்து முடியும் காட்சியன்று, பழகப் பழகத் தெளிவது என்பது இச்சொல்லாட்சியால் பெறப்படும். சேர நாட்டுத் தொடர்புடைய மலையாளர், தொலைவிலிருந்து வந்து இங்கு தங்கி வழிபட்டோர் ஆதலின், புலம்பெயர்ந்தோர்க்கும் அவ்விடம் உரித்தாக இருந்தது என்பதும் குறிக்கத்தக்கது.

திருக்கடைக்காப்பில் சம்பந்தர் கூறும் பயனும் அளவானது. பழுவூர் அரனை ஏத்துவோர் வானம் உடையவர் ஆவர் என்பதே அது. நோய் வாராது, பகை வாராது என்னும் உறுதிமொழிகள் அங்கு இல்லை.

உடனாதல்: சித்தாந்த விளக்கம்

பதிகம் காட்சியாக உணர்த்தியதைப் பிற்காலச் சைவ சித்தாந்தம் கோட்பாடாக வகுத்தது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களால் ஆகியது. அதன் இரண்டாம் நூற்பாவிற்கு உரை கண்டோர், இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பான் என விளக்குவர். கலப்பினால் ஒன்று, பொருள் தன்மையால் வேறு, உயிர்க்கு உயிராய் நின்று இயக்குதலால் உடன். ஒன்றாதல் மட்டுமே உண்மையாயின் துன்பம் பொய்யாகிவிடும். வேறாதல் மட்டுமே உண்மையாயின் துன்புறும் உயிர் தனித்துவிடும். உடனாதல் இவ்விரு முடிவுகளையும் விலக்குகின்றது. துன்பம் உண்மை, ஆயினும் துன்புறுவோர் தனியர் அல்லர்.

நுகர்வினையாகிய பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது சித்தாந்தத்தின் பொதுக்கொள்கை. அவ்வாறாயின் அருளுக்கு அங்கு என்ன பணி என்னும் வினா எழும். இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு நிலைக்கு உயிரை ஆளாக்குதலே அப்பணி. நுகர்ச்சி மாறவில்லை, நுகர்வோர் மாறுகின்றார்.

துன்பக் காலத்தில் இறைவன் இல்லாததுபோல் தோன்றும் அனுபவத்திற்கும் சித்தாந்தம் இடமளித்துள்ளது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களுள் மறைத்தல் ஒன்று. இறைவன் தன்னை மறைத்து நிற்றலும் உயிரின் பக்குவத்திற்காகச் செய்யும் தொழிலே என்பர். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயன், அருளின் இயல்பையும் அதனை அறியாத உயிரின் நிலையையும் 100 குறட்பாக்களில் விரிக்கின்றது. உடனிருப்பை உணராமை, உடனிருப்பு இல்லாமைக்குச் சான்றாகாது என்னும் தெளிவு, வழிபட்டும் மனம் வறண்டிருப்போர்க்குப் பேருதவியாகும்.

இக்கால உளவியலும் இதனை ஒட்டிய ஒரு பாகுபாட்டைத் தந்துள்ளது. சமயநம்பிக்கை உடையோர் துன்பத்தைக் கையாளும் முறைகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் உடனாய்வாளரும் 1988இல் மூன்று போக்குகளை வகுத்தனர். இறைவனைச் சாராமல் தாமே தீர்த்தல், யாவற்றையும் இறைவனிடம் விட்டுவிட்டுத் தாம் செயலற்றிருத்தல், இறைவனோடு இணைந்து செயற்படல் என்பன அவை. மூன்றாவது போக்கு சித்தாந்தத்தின் உடனாதலோடு ஒப்பிடத்தக்கது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. உளவியல் அதனைச் சிக்கல் தீர்க்கும் முறையாகக் காண்கின்றது. சித்தாந்தம் அதனைச் சிக்கல் தீராதபோதும் நிலைக்கும் உறவாகக் காண்கின்றது.

நந்தா விளக்கு

உடனிருப்பு என்பது கருத்தளவில் நின்றுவிடாமல் நாள்தோறும் பேணப்படும் ஏற்பாடாகவும் இருந்தது என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. பழுவூர்ப் பகுதியைச் சோழர்க்கு உட்பட்டு ஆண்ட பழுவேட்டரையர், முதலாம் பராந்தகனுக்கு மகட்கொடை நேர்ந்த குடியினர். அவர்களைக் கேரள அரசரோடு தொடர்புபடுத்தி அன்பில் செப்பேடு கூறுகின்றது. பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த கீழப்பழுவூர்க் கல்வெட்டு ஒன்று, பாண்டியரும் ஈழத்தாரும் எதிர்நின்ற வெள்ளூர்ப் போரில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் வென்ற செய்தியைக் கூறுகின்றது. அவ்வெற்றியை ஒட்டி அவர்தம் பணியிலிருந்த ஒருவர் திருவாலந்துறை மகாதேவர்க்கு விளக்கெரிக்கக் கொடை அளித்துள்ளார்.

வெற்றிக்கொடை என்று இதனைக் கடந்துவிடல் எளிது. ஆனால் போருக்குப் பின் வெற்றியாளர் எழுப்பிக்கொள்வது கொடியாகவோ தூணாகவோ இருந்திருக்கலாம். இங்கே வைக்கப்பட்டது விளக்கு. போரில் உயிர்தப்பியோரின் நன்றியும் மீளாதவர் பற்றிய நினைவும் அச்சுடரில் கலந்திருக்கும் எனக் கருதுதல் தகும். சோழர் காலத்தில் நந்தா விளக்கொன்றிற்குப் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டுகள் வழங்கும். ஆடுகள் சாகும், மூக்கும். ஆயினும் இடையர் குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பி நெய்யளந்துவந்தமையால் மந்தை சாவாமலும் மூவாமலும் நின்றது. அணையாத சுடர் ஒன்றின் பின்னே நாள்தோறும் தவறாத மனித உழைப்பு இருந்தது. பதிகம் ‘பயிலுதல்’ என்றது இதுவேயாகும்.

அண்டை ஊர்களின் சான்று

உடனிருப்பை இடமாக உணரும் போக்கு பழுவூர்க்கோ சைவத்திற்கோ மட்டும் உரியதன்று. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கற்கம்பத்தின் வடிவில் வழிபடப்படுகின்றார். காணாமற்போன பசுவைத் தேடிச் சென்ற உழவர் ஒருவர் அதனைச் சாய்ந்துகிடந்த கம்பத்தருகே கண்டதாகத் தலமரபு கூறும். உழவர்க்குப் பசுவின் இழப்பு வாழ்வின் இழப்பே. அத்தேடலின் முடிவில் தெய்வம் கண்டெடுக்கப்படுகின்றது.

அதே மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் 18ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) அவ்வூரைத் திருக்காவலூர் என வழங்கி, அங்குள்ள அன்னைமீது திருக்காவலூர்க் கலம்பகம் இயற்றினார். அன்னைக்கு அடைக்கல மாதா என்பது பெயர். இத்தாலியிலிருந்து வந்த துறவி, தம் சமயத்தின் ஆறுதலைத் தமிழர்க்கு உணர்த்த முற்பட்டபோது, காவல் என்னும் பொருளை ஊர்ப்பெயருள்ளேயே வைத்தார். தலத்தைப் பாடுதல் வழியே இருப்பை உணர்த்தும் தேவார மரபின் நெறி அவர்க்கும் கைகொடுத்தது எனலாம். விவிலியத்தின் யோபு நூலிலும் துன்புற்றவர்க்குத் துன்பத்தின் காரணம் இறுதிவரை விளக்கப்படவில்லை. இறைவன் அவரோடு பேசியதே விடையாகின்றது. காரணம் அறிதலினும் உடனிருப்பை அறிதலே ஆறுதல் தரும் என்பதில் இரு மரபுகளும் நெருங்குகின்றன.

தடைகளும் மறுவினாக்களும்

இக்கருத்திற்கு எதிராக எழும் வினாக்கள் வலியவை. அவற்றைத் தவிர்த்தல் ஆய்வறமாகாது.

முதலாவது, உடனிருப்பு இடத்தைச் சார்ந்ததாயின் அவ்விடத்தினுள் நுழைய விடப்படாதோர் நிலை யாது? சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே கோயில்நுழைவு எல்லார்க்கும் உரிமையாயிற்று. பெரியபுராணம் கூறும் திருநாளைப்போவார் வரலாறு இவ்வினாவைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்ற அவர்க்குக் காட்சி மறைத்த நந்தியை விலகச் செய்தான் இறைவன் என்கின்றது அது. இருப்பு இடத்தினுள் அடங்கிக் கிடப்பதன்று, வெளியே நிற்பவரை நோக்கி வருவது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் தில்லையில் அவர் தீயினுள் புகுந்த பின்னரே ஏற்கப்பட்டார் என்பதையும் அதே நூல் மறைக்கவில்லை. நந்தி விலகியும் மனிதர் விலகாமை அங்கே பதிவாகியுள்ளது. துன்புற்றோர்க்கு உடனிருப்பை மறுத்தோர் மனிதரே.

இரண்டாவது, அமைதியைப் போற்றுதல் அநீதியைப் பொறுத்துக்கொள்ளுதற்குத் துணைபோகாதா? வினை என்னும் சொல்லால் பிறர் துன்பத்தை விளக்கி முடிப்போர் இவ்வையத்திற்கு இடமளித்துள்ளனர். ஆனால் வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் நோக்குதற்கு உரிய கண்ணாடி. பிறர் துன்பத்தைக் கண்டு வாளாவிருத்தற்கு உரிய காரணமன்று. திருநாவுக்கரசர் வரலாறு இதனைத் தெளிவாக்கும். பல்லவ மன்னனின் ஆணைக்கு அவர் பணியவில்லை. நீற்றறையில் இடப்பட்டபோது பாடியதாகக் கூறப்படும் பாடல் (ஐந்தாம் திருமுறை, 90) குளிர்ந்த இனிய காட்சிகளை அடுக்குகின்றது. அவரது அமைதி பணிவினின்று பிறந்ததன்று. பணிய மறுத்தலுக்குத் துணிவு தந்தது அதுவே.

மூன்றாவது, சம்பந்தர் பதிகங்களில் வழக்கமாக வரும் சமண பௌத்த மறுப்பு இப்பதிகத்தின் பத்தாம் பாடலிலும் உண்டு. அமைதி பேசும் பதிகத்தில் பிறர்மேற் சினம் இருத்தல் இக்கால வாசகரை உறுத்தும். அக்காலச் சமயப்போட்டியின் சுவடாக அதனை ஏற்றுக்கொண்டு, ஏனைய பாடல்களின் இயக்கத்திலிருந்து பிரித்தறிதலே முறை.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன வருமாறு:

துன்பத்தைப் பேசும் தேவாரப் பதிகங்களை வேண்டல், உறுதி கூறல், சுட்டல் என மூவகைப்படுத்தலாம். திருப்பழுவூர்ப் பதிகம் மூன்றாம் வகைக்குச் சிறந்த சான்று.

இப்பதிகத்தின் முற்பாதியில் உள்ள நஞ்சும் சுடலையும் எரியும், பிற்பாதியில் உள்ள ஊரின் அமைதியால் மறுக்கப்படவில்லை, தாங்கப்படுகின்றன. அமைதிக்கு அடிப்படை துன்பத்தின் இன்மையன்று, தாங்குவோரின் உடனிருப்பு.

சித்தாந்தத்தின் உடனாதல், மறைத்தல், இருவினையொப்பு ஆகிய கருத்துகள் இவ்வனுபவத்திற்குக் கோட்பாட்டு வடிவம் தருகின்றன. நந்தா விளக்குக் கொடைகள் அதற்குச் சமூக வடிவம் தருகின்றன.

இறுதியாக ஒன்று. பதிகம் இறைவனின் இடத்தைச் சுட்டியதோடு, அங்கே பாடுவோரையும் ஆடுவோரையும் ஓதுவோரையும் மன்றில் கூடியிருப்போரையும் உடன் சுட்டியது. இறைவனின் உடனிருப்பு மனிதரின் உடனிருப்பு வழியாகவும் துன்புற்றோரை அடைகின்றது என்பது அதன் குறிப்பு. மருத்துவமனைகளிலும் இழவு வீடுகளிலும் சொல்லற்று அருகிருப்போர் ஆற்றும் பணி இதனோடு ஒப்ப வைத்து ஆராயத்தக்கது. காவிரி வடகரையின் ஏனைய பதிகங்களையும் இவ்விருபாதி அமைப்பின் நோக்கில் ஆராயின், தமிழ்ப் பத்தி மரபின் ஆறுதல் இயல் முழுமையாக விளங்கும்.